காய்ச்சல் போன பிறகும் போகாத அசதி: எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கோவிட்டோ டெங்கியோ வந்து, காய்ச்சல் இறங்கி, எம்சி (மருத்துவ விடுப்பு) முடிந்து வேலைக்குத் திரும்பியும் உடம்பு பழையபடி ஆகவில்லை என்று சொல்பவர்கள் கோலாலம்பூரில் நம்மவர்களிடையே நிறைய. வீட்டில் அதைச் சோம்பல் என்பார்கள். கிளினிக்கில் வைட்டமின் கொடுத்து அனுப்புவார்கள். இரண்டுமே தவறு. சோதித்துப் பார்க்காமல் "எனக்கு லாங் கோவிட்" (கோவிட் போன பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் பாதிப்பு) என்று தானே முடிவு கட்டுவதும் அதே அளவு தவறு.

தொற்று தொடங்கி நான்கு வாரமாகியும் அறிகுறி இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் வரை காத்திருக்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன மூன்று மாதக் கணக்கு அதற்கு லாங் கோவிட் என்று பெயர் வைப்பதற்கானது. அறிகுறி குறைந்தது இரண்டு மாதம் நீடித்திருக்க வேண்டும், வேறு காரணம் எதுவும் இருக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. அந்த "வேறு காரணம்"தான் நம் ஊரில் சரியாகத் தேடப்படுவதில்லை.

முதலில் நீரிழிவு. 2023 தேசியச் சுகாதார ஆய்வுப்படி வயது வந்த மலேசியர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம். தொற்றின்போது ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் சர்க்கரை இன்னும் ஏறியிருக்கும். அதனால் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி கட்டாயம். அதோடு முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டுக்கு டிஎஸ்எச், ஈசிஜி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் நெஞ்சு எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும் வேண்டும். காசநோய் இந்த நாட்டில் இன்னும் ஒழியவில்லை, கோவிட் இருமல் என்ற பெயரில் அது எளிதாக மறைந்துகொள்ளும்.

உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வழக்கமான பட்டியலில் இருக்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும். மாதவிடாயில் அதிகம் போகும் பெண்கள் அவசியம் கேளுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. உடம்பில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாக ஏறும். தொற்று முடிந்த கையோடு எடுத்தால் இரும்புச்சத்துக் குறை இருந்தும் "நார்மல்" என்று காட்டும். அழற்சியைக் காட்டும் சிஆர்பியையும் சேர்த்து எடுத்தால்தான் அந்த எண்ணை நம்பலாமா என்பது தெரியும். இரும்புக் குறைவினால் எச்பிஏ1சி உண்மையைவிடச் சற்று உயர்ந்து காட்டுவதும் உண்டு.

கோவிட் எதிர்ப்பொருள் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். நம்மில் பெரும்பாலோர் ஊசியும் போட்டுவிட்டோம், தொற்றும் கண்டுவிட்டோம். அந்த முடிவு எதையும் பிரித்துச் சொல்லாது.

எழுந்து நின்றால் படபடப்பு, தலைசுற்றல் என்பவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. மேல்கையில் சுற்றும் பிரஷர் மெஷின் போதும். காலையில், காப்பி தேத்தாரே குடிக்கும் முன் செய்யுங்கள். பத்து நிமிடம் படுத்திருந்து நாடித்துடிப்பையும் பிரஷரையும் இரண்டு முறை குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து, குதிகாலைச் சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, தோள்பட்டையை மட்டும் சுவரில் சாய்த்து நில்லுங்கள். பத்து நிமிடம், நிமிடத்துக்கு ஒரு முறை குறிக்க வேண்டும். பெரியவர்களுக்குத் துடிப்பு படுத்திருந்தபோது இருந்ததைவிட 30க்கு மேல் ஏறி, இறங்காமல் நின்றால், பிரஷரும் விழாமல் இருந்தால், அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். பதின்ம வயதினருக்கு 40. முதல் மூன்று நிமிடத்தில் பிரஷரின் மேல் எண் 20 விழுந்தால் அது வேறு பிரச்சினை, அதையும் காட்ட வேண்டும்.

இந்தச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் காலால்தான். நிற்கும்போது காலை மாற்றி மாற்றி வைத்தால் ஆடுதசை ரத்தத்தை மேலே தள்ளிவிடும், துடிப்பு ஏறாது. பேசினாலும் எண் மாறும். கையைத் தொங்கவிட்டு அளந்தால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். நெஞ்சு உயரத்தில் ஒரு அலமாரி மேல் வையுங்கள். பிசோப்ரோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு ஏறாமலே போகலாம். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே படுத்துவிடுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் பேசுவதில்லை. கறுப்பு நிறத் தோலில் அது உண்மையைவிடச் சில புள்ளிகள் கூடுதலாகக் காட்டக்கூடும். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் எண்ணைக் கெடுக்கும். அதனால் 96 என்று பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். உங்கள் வழக்கமான எண்ணிலிருந்து நடக்கும்போது 3 புள்ளி இறங்குகிறதா என்று பாருங்கள்.

நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், மயங்கி விழுதல், ஒரு காலில் மட்டும் வீக்கம்: இவற்றுக்குக் குறிப்பேடெல்லாம் வேண்டாம். உடனே 999ஐ அழையுங்கள்.

எல்லாரும் தவறவிடுவது தாமதமாக வரும் சரிவு. வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் உடம்பு விழும். விழுந்தால் நாள்கணக்கில் எழ விடாது. பத்துமலையில் 272 படியும் ஏறி இறங்கி, "பார், நல்லாதானே இருக்கே" என்று வீட்டார் சொல்லியிருப்பார்கள். மறுநாள், அதற்கு மறுநாள் படுக்கையில் கிடப்பதை யாரும் படியோடு முடிச்சுப் போட மாட்டார்கள். இப்படி விழுபவர்களிடம் "தினம் கொஞ்சம் கூட்டி நட, சரியாகிவிடும்" என்று சொல்வது கெடுதல். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. சரிவு வராத அளவைக் கண்டுபிடித்து, அதற்குள் நிற்க வேண்டும். நல்ல நாளிலும் அதைத் தாண்டக் கூடாது.

கண்டுபிடிக்க ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். அன்று செய்தது என்ன, அன்று உடம்பு எப்படி, அடுத்த இரண்டு நாள் எப்படி என்று மூன்று பத்தியாக இரண்டு வாரம் எழுதுங்கள். மூளைவேலையையும் சேர்த்து எழுதுங்கள். மூன்று மணி நேர மீட்டிங்கும் ஆளைச் சாய்க்கும்.

அந்த நோட்டோடு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். வெறுமனே "பெனாட்" (அசதி) என்றால் வைட்டமினோடு திரும்புவீர்கள். "லெப்பாஸ் புவாட் கெர்ஜா ரிங்ஙான், ஏசோக் தா லாராட் பாஙுன்" (இலேசான வேலை செய்தால் மறுநாள் எழ முடியவில்லை) என்று சொல்லி நோட்டைத் திறந்து காட்டுங்கள்.

டெங்கிக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக்கொத்தாக முடி உதிர்வது பெரும்பாலும் தானாக நிற்கும். சிக்குன்குனியா மூட்டுவலி மூன்று மாதம் தாண்டினால் மூட்டு நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். டிஎஸ்எச் முதல் முறை குறைவாக வந்திருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். வைரஸுக்குப் பின் தைராய்டு வீங்கும்போது சுரப்பு முதலில் கூடும் (அப்போது டிஎஸ்எச் குறையும்), பிறகு குறையும். ஒரே முறை எடுத்தால் பாதிதான் தெரியும்.