அகத்தியர் மேல் பெய்த மழை

பாபநாசம் படித்துறையில் குளித்து வளர்ந்தவன் நான். தாமிரபரணி பொதிகை உச்சியில் பிறக்கிறாள் என்று ஆச்சி சொல்லிக் கேட்ட நாளிலிருந்து அகத்தியர் சிலை இருக்கும் அந்த உச்சியில் போய் நிற்க வேண்டும் என்று ஓர் ஏக்கம். எங்கள் பக்கமிருந்து ஏற இப்போது வழி இல்லை. கேரள வனத்துறையின் அனுமதிச் சீட்டு வாங்கி, போனக்காடு வழியாகத்தான் போக வேண்டும். ஒரு ஜனவரியில் அது எனக்கு வாய்த்தது. பூஜைப் பொருள் எதுவும் மலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். ஆச்சி கொடுத்துவிட்ட கற்பூரம் கீழேயே தங்கிவிட்டது.

முதல் நாள் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் காட்டு நடை. முட்டிடிச்சான் தேரியில் முழங்கால் முகத்தில் இடிக்கும் என்பார்கள், அவ்வளவு செங்குத்து. சாயங்காலம் அதிருமலை முகாமில் கஞ்சியும் பயறும். அப்போதே தூறல் தொடங்கிவிட்டது. இரவெல்லாம் கூரையில் மழைச் சத்தம்.

விடிந்ததும் எங்கள் வழிகாட்டி அண்ணாச்சி வெளியே வந்து காற்றை முகர்ந்ததுபோல நின்றார். அந்தக் காட்டுப் பழங்குடியான காணிக்காரர் இனத்தவர். "பொங்காலப்பாறை வரை போலாம். அதுக்கு மேலே அங்கே நின்னு பார்த்துத்தான்" என்றார்.

பொங்காலப்பாறையில் பத்தடிக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை. மழையும் காற்றும் சேர்ந்து அடித்தன. எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டார். ஒன்றரை மணி நேரம். "இவ்வளவு தூரம் வந்தாச்சே, மெதுவா ஏறிடலாமே" என்று இளைஞர் ஒருவர் எழுந்தார். "அகத்தியர் அங்கேயேதான் இருப்பார். நீ உக்காரு மக்களே" என்றார் அண்ணாச்சி, குரலை உயர்த்தாமல். எனக்கும் உள்ளுக்குள் அதே அவசரம்தான். ஆனால் அந்த மலையை அவரைவிட யார் அறிவார்? 1987-இல் இந்தக் காட்டுக்கு வந்த விஞ்ஞானிகள், களைப்பே இல்லாமல் நடந்த காணி வழிகாட்டிகள் மென்ற சின்னக் காயைப் பார்த்துத்தான் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைத் தெரிந்துகொண்டார்கள். சித்த மருத்துவத்துக்கு அகத்தியரை ஆதி குரு என்கிறோம். அவர் மலையில் அந்த அறிவு இன்றும் இவர்களிடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

காற்று தணிந்தது. அண்ணாச்சி முதலில் போய், உச்சிக்கு ஏறப் பாறையில் கட்டியிருந்த கயிறுகளை இழுத்துப் பார்த்தார். "ஒருத்தர் கயிறை விட்டப்புறம்தான் அடுத்த ஆள்." வழுக்கும் பாறையில் அவர் கால் வைத்த இடத்தில் மட்டும் கால் வைத்தேன். வாய் தானாக 'ஓம் அகத்தீசாய நம' என்றது.

உச்சி. 1,868 மீட்டர். சுற்றிலும் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் இரண்டு கை தூரத்தில், நனைந்து கருத்த கல்லாக அகத்தியர். சிவன் கல்யாணத்துக்குக் கூடிய கூட்டத்தால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர, அதைச் சமன் செய்ய வந்தவர் என்பார்கள். மழை அவர் தலையில் விழுந்து, தோளில் இறங்கி, பாறையில் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க ஊர் எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

மூடுபனிக்குள் கையை நீட்டினார். "அந்தப் பக்கம் விழுறது உங்க ஆத்துக்கு. இந்தப் பக்கம் விழுறது எங்க நெய்யாத்துக்கு."

பத்து நிமிடம்தான் தந்தார். பாறைக் குழியில் தேங்கிய மழைநீரை இரு கையிலும் அள்ளி, ஆச்சி பேரைச் சொல்லி அகத்தியர் காலடியில் விட்டேன். அது வழிந்து கிழக்கே இறங்கியது.