வாசலில் கல் கோலம்: வெயிலுக்கும் மழைக்கும் நிற்கும் கல் எது?

வாசற்படிக்கும் கேட்டுக்கும் நடுவே ஐந்தடிக்கு ஐந்தடி சதுரத்தில் ஒரு சிக்குக் கோலத்தைக் கல்லிலேயே பதிக்கிறேன். வரைபடம் சீக்கிரம் முடிந்தது. கல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு கோடையும் ஓர் ஐப்பசி மழையும் ஆனது. அவ்வளவு பொறுமை இதற்கு அவசியம். பதித்தபின் பெயர்த்தெடுப்பது பெரும் வேதனை.

கிடைத்த பொருளையெல்லாம் ஒரு சிமென்ட் பலகையில் பதித்து மொட்டை மாடியில் வைத்தேன். சுவர் டைல்ஸ் துண்டுகள்தான் முதலில் போயின. மேல்பூச்சில் முடி மாதிரி விரிசல், பிறகு ஓரமெல்லாம் செதில் செதிலாக உதிர்ந்தது. காரணம் அதன் உடம்பு: தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அதிக சூட்டில் இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் 0.5 சதவீதத்தைத் தாண்டாது. வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். காய்ந்த துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு நாள் ஊறப்போட்டு, துடைத்து மறுபடி நிறுத்தால் போதும்.

கடப்பா கல் கருப்பு வெளுத்துச் சாம்பலாகி, ஏடு ஏடாகப் பிரிய ஆரம்பித்தது. மார்பிள் பளபளப்பை இழந்தது. விட்ரிஃபைடு அப்படியே இருந்தாலும் ஈரத்தில் வழுக்குகிறது. வாசலில் அது ஆகாது. லிஸ்பன் நகரத்து நடைபாதைகளில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லும் கருப்பு பசால்ட்டும் வைத்து அழகான கோலங்கள் உண்டு. அங்கேயும் ஆள் நடந்து நடந்து வழவழப்பான கல் மழையில் வழுக்கும். ஆகவே பாலிஷ் முகத்தைக் கீழே தள்ளி, அறுத்த முகம் மேலே வரும்படி கிரானைட் பதிப்பது என்று முடிவு செய்தேன்.

தரைக்கு முழுக் கருப்பு எடுத்தால் கோலம் எடுப்பாகத் தெரியும். ஆனால் மத்தியானத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. சாதரஹள்ளி சாம்பல் கிரானைட்டைத் தரைக்கு வைத்து, கோலக் கோட்டை ஒட்டி மட்டும் இருபுறமும் குன்னம் கருப்பு கிரானைட்டில் மெல்லிய பட்டை கொடுக்கிறேன். இரண்டும் வெட்டும் பட்டறையில் கழிவாகக் கிடைப்பவை.

கோட்டுக்கான வெள்ளைதான் என்னை யோசிக்க வைத்தது. கடைசியில் விடை சித்தப்பா காட்டிலேயே கிடந்தது: வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். உழும்போது கொழுவில் மாட்டும் என்று வரப்போரம் குவித்து வைத்திருந்தார். கீறலுக்குத் தாங்குவதை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் மார்பிளின் கடினம் 3 என்றால் இது 7. புளித்தண்ணீருக்கும் அசையாது, நிறமும் மங்காது. சுத்தியலால் தட்டினால் உள்முகம் பனிக்கட்டி மாதிரி வெளிச்சத்தை வாங்குகிறது. உடைக்கும்போது கண்ணாடியும் நல்ல முகமூடியும் கட்டாயம்; அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

தண்ணீர் குடிக்காத கல் சாந்தையும் லேசில் பிடிக்காது. கிரானைட் துண்டில் விரலை வைத்துத் தேய்த்தால் மாவு மாதிரி அறுப்புத் தூசி ஒட்டும். கம்பி பிரஷ் போட்டுக் கழுவி, வெளிப்புறத்துக்கான பாலிமர் கலந்த டைல் பசையை மெல்லிசாகத் தடவி, பசை ஈரமாக இருக்கும்போதே 1:4 சிமென்ட்-மணல் சாந்தில் உட்கார வைக்கிறேன். போர் தண்ணீரில் கலந்தால் உப்பு பூக்கும் என்று குடிநீரையே எடுக்கிறேன்.

அடித்தளம்: மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, 40 மி.மீ. ஜல்லியில் 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் நாலு அங்குலம். கேட் பக்கம் முக்கால் அங்குலம் வாட்டம். வீட்டுச் சுவரை ஒட்டி அரை அங்குலத் தெர்மாகோல் பட்டை விட்டதால் வெயிலில் தளம் விரியவும் இடமிருக்கிறது.

இப்போது பாதிக் கோலம் முடிந்து, ஈரச் சாக்கின் கீழ் இருக்கிறது. இடுக்குகளுக்கு எபாக்ஸி வேண்டாம், வெயிலில் மஞ்சளடிக்கும். வெள்ளை சிமென்ட்டில் பாசி பளிச்சென்று தெரியும். சாம்பல் நிற சிமென்ட் ஃபில்லர் வாங்கி வைத்துவிட்டேன். காவிக்கரைக்கு இல்கல் சிவப்பு கிரானைட் துண்டுகளைப் பட்டறையில் சொல்லியிருக்கிறேன். வந்ததும் மீதிப் பாதி.