பிசிறு

மார்ச் 3
மகளுக்குக் குழந்தை. 1,640 கிராம்.

மார்ச் 4
தூக்கம் இல்லை. மூலையில் போர்த்திக் கிடந்த தையல் மெஷினைத் திறந்தேன். ஆறு வருஷம். மிதித்தால் பழைய கதவு மாதிரிக் கத்துகிறது. எண்ணெய்க் குழிகள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். இழுப்பறையில் மனைவியின் கத்தரிக்கோல், இஞ்ச் டேப், அடிநூல் சுற்றும் பாபினில் பாதி சுற்றிய ரோஸ் நூல். யார் ரவிக்கைக்கோ.

மார்ச் 5
தெருமுனை டெய்லர் தம்பி வந்தார். நூல் கோக்கவே விடவில்லை. கோடு போட்ட நோட்டுத் தாளைக் கிழித்து, வெறும் ஊசியால் கோட்டின் மேலேயே ஓட்டச் சொன்னார். “பத்துத் தாள் சார். அப்புறம்தான் துணி. முடிச்சதும் அந்த ஊசியைத் தூக்கிப் போட்டுடுங்க, காகிதம் முனையை மழுக்கிடும்.” சக்கரத்தை நம் பக்கமாகச் சுற்றிவிட்டுத்தான் மிதிக்கணும். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் அறும். பதினோரு தாள் ஓட்டினேன். ஒன்று தேறியது.

மார்ச் 6
1,520. முதல் வாரம் குறையத்தான் செய்யும், பத்து சதவீதம் வரை பயமில்லை என்றாராம் டாக்டர். மாப்பிள்ளை இதையே ஃபோனில் மூன்று தடவை சொன்னார். கணக்குப் போட்டேன், 7.3. மறுபடி போட்டேன். 7.3 தான்.

மார்ச் 7
பிறக்கும் முன்னால் எதுவும் வாங்கக் கூடாது என்று இருந்துவிட்டோம். முதல் சட்டை பழைய துணியில்தான், அதுதான் வழக்கம். என் எட்டு முழ வேட்டி, துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆனது. ஓரத்தை வெட்டி ஒத்திகை பார்த்தேன். நல்ல பக்கம் இரண்டும் உள்ளே, ஓரத்திலிருந்து அரை இஞ்ச் விட்டு ஒரே கோடு. மேலே அழகாக இருக்கிறது, திருப்பினால் அடியில் நூல் சுருண்டு சுருண்டு கிடக்கிறது. பாபின் கேஸைக் கழற்றி ஒரு மணி நேரம் திருகினேன். தம்பி வந்து ஒரு பார்வை பார்த்தார். மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே போகவே இல்லை. “அடியில கோளாறு தெரிஞ்சா மேலே பாருங்க சார்.”

மார்ச் 8
1,495. 8.8.

மார்ச் 9
வெட்டிய ஓரத்தில் பிசிறு. ஒரு இழையை இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது. குழந்தையின் விரலில் இது சுற்றிக்கொண்டால்? இறுகினால் ரத்தம் ஓடாது, விரல் வீங்கிவிடும், பெரியவர்களுக்குத் தெரியவே தெரியாது, ஏன் அழுகிறது என்று பால் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த விரல் ஒரு தீக்குச்சி கனம்கூட இல்லையாம். எழுந்து போய் ராத்திரியே தம்பியைக் கூப்பிட்டேன். ஓரத்தை நூலால் சுற்றி ஓவர்லாக் அடித்துத் தருகிறேன் என்றார். அது சொரசொரக்குமே. சரி, அப்படின்னா பிரெஞ்சு சீம் போடுங்க என்றார்.

விநோதமான தையல். முதலில் தப்பாகத் தைக்கணும், நல்ல பக்கம் வெளியே வைத்து, கால் இஞ்சில். பிறகு ஓரத்தைப் பாதியாக நறுக்கி, உள்பக்கமாகத் திருப்பி, நகத்தால் நீவி, மறுபடி கால் இஞ்சில் ஒரு தையல். பிசிறு முழுக்க உள்ளே சமாதி. முதல் தையலில் சரியாக நறுக்காவிட்டால் ஒரு இழை மீசை மாதிரி எட்டிப் பார்க்கும். பார்த்தது.

மார்ச் 10
பிரித்தேன்.

மார்ச் 11
பிரித்தேன். ஊசியை 16ஆம் நம்பரிலிருந்து மெல்லிய 11க்கு மாற்றியதும் துணி சுருங்கவில்லை. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

மார்ச் 12
1,530! மூன்று சட்டை. பொத்தான் இல்லை, முன்னால் நாடா.

மார்ச் 14
கொண்டுபோனேன். நர்ஸ் உள்ளே விரலை விட்டுப் பார்த்தது. “தாத்தா, தையல் உள்ளே கயிறு மாதிரி இருக்கே, அழுத்துமே.” சட்டென்று உள்பக்கத்தை வெளியே திருப்பிவிட்டது. “தையல் வெளியே இருக்கட்டும். யார் பார்க்கப் போறா?” இத்தனை நாள் மறைத்தது எல்லாம் வெளியே. சட்டையே இப்போதைக்கு வேண்டாமாம். மகள் நெஞ்சோடு வைத்துக்கொள்ளும்போது வெறும் உடம்புதான், தொப்பி மட்டும் போதும்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு கால் தெரிந்தது.

மார்ச் 15
தொப்பி வளைவுத் தையல். வளைவு முழுக்கச் சின்னச் சின்னதாகக் கத்தரி வெட்டு கொடுத்தால்தான் படியும். தையலைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டுவிட்டேன்.

மார்ச் 16
தலை அளவு கேட்கவே இல்லையே. ஆரஞ்சுப் பழத்துக்குப் போட்டுப் பார்த்தேன். முட்டாள்தனம்.

மார்ச் 17
1,610. தலை 29 செ.மீ. என்று மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். வெட்டி வைத்தேன். இரண்டாவது தையலில் ஊசி ஒடிந்தது. கடை பத்து மணிக்குத்தான் திறப்பார்கள்.