பல் விழுந்த சாவி

புதன்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்குப் பெரிய வீட்டு முன்கதவுச் சாவியின் பல் முறிந்து வாசற்படியில் விழுந்தது. வெள்ளிக்கிழமை படைப்பு, பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையல் போடும் நாள். இருபத்தொரு புள்ளியில் (எங்கள் கணக்கில் ஒரு குடும்பம் ஒரு புள்ளி) வருகிறோம் என்று சொன்னவர்கள் பதினாறு. சாப்பிட உட்காரப்போகிறவர்கள் எத்தனை என்பது காரைக்குடிக் கொப்புடையம்மனுக்குத்தான் தெரியும். இந்த வருடம் முறை எங்களுடையது. என் ரத்த அழுத்தத்தைப் பற்றித் தனியாக எழுதவேண்டியதில்லை.

சாவி ஒரு சாண் நீளம். கையில் எடுத்தால் கால் கிலோவாவது இருக்கும். சின்ன வயதில் அதை வீசி நான் எதிர்வீட்டுப் பையனின் மண்டையை உடைத்ததும், அவனே பிற்பாடு எனக்கு மச்சானாக வந்து அந்தத் தழும்பைக் காட்டிக் காட்டியே சீர் வாங்கியதும் ஊருக்கே தெரிந்த கதை. அன்றைக்கு மண்டை உடைந்ததே தவிரச் சாவிக்குக் கீறல்கூட இல்லை. இப்போது தானாகவே பல்லைக் கழற்றிப் போட்டுவிட்டது. அதற்கும் வயதாகிறது போலும்.

பின்வாசல் திறக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். உள்ளே ஒரு தடவை நடந்து வந்தால் டாக்டர் சொன்ன நடையில் பாதி முடிந்துவிடும். "எல்லோரையும் அந்தப் பக்கமாகவே வரச்சொன்னால் என்ன?" என்று அப்பத்தாவிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினால் அவருக்கு நான் தெரியமாட்டேன், அதற்காகத்தான் கழற்றுவார். "படைப்புக்கு வந்த பங்காளிகளைக் கொல்லைப்புறமாக விட்ட வீடு என்று பேர் வாங்கிக் கொடுக்கப் போகிறாயா?" என்றார்.

பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் முறிந்த சாவியைப் படமெடுத்துப் போட்டேன். யாராவது ஒரு ஆளைச் சொல்வார்கள் என்று நினைத்தது என் தப்பு. சிங்கப்பூர் அண்ணன் முதலில் வந்தார். "காரைக்குடியின் களையே போய்விட்டது தம்பி. அந்தக் காலத்தில் கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் கேட்டுக் கிடைக்காத சாமான் உண்டா?" அண்ணன் ஊரைவிட்டுப் போனது 1994-ல். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து, கானாடுகாத்தான் பக்கம் அரண்மனை மாதிரி இருக்கும் ஒரு ஓட்டலில் குளுகுளு அறையில் இரண்டு நாள் தங்கி, சாப்பாட்டில் காரம் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர். களை போனது எந்தத் தேதி என்று அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும். அதற்குப் பிறகு நாற்பத்தொரு செய்திகள். களை போய்விட்டது என்று ஒரு கட்சி, இல்லை, மாநகராட்சியாகிவிட்டோம், இனிமேல்தான் களைகட்டும் என்று ஒரு கட்சி. நடுவில் ஒருவர் ஆயிரம் ஜன்னல் வீட்டின் படத்தைப் போட்டு 'நமது பெருமை' என்றார். எனக்கு ஆயிரம் ஜன்னல் வேண்டாம், ஒரு கதவு திறந்தால் போதும்.

மஞ்சள் பையில் சாவியைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். "அப்படியே கறிவேப்பிலை" என்றாள் மனைவி. எங்கே போவது என்பதையும் அவளேதான் சொன்னாள். "அந்தச் சோடாக் கம்பெனி முனையில் திரும்பி, போட்டோ ஸ்டூடியோவுக்கு எதிர்ச் சந்து." சோடாக் கம்பெனி மூடிப் பதினைந்து வருடம் ஆகிறது. ஸ்டூடியோவில் இப்போது கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். ஆனாலும் எனக்கு வழி புரிந்தது. கூகுள் வரைபடம் உயிரோடு இருக்கும் கடைகளை வைத்து வழி சொல்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்த கடைகளை வைத்துச் சொல்கிறோம்.

1928-ல் நகராட்சியான ஊர் 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது. வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்று சுற்றுச் சுற்றினால் அது மாநகரம் என்று யாராவது இலக்கணம் வகுத்திருந்தால் நாங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே தகுதி பெற்றுவிட்டோம். அம்மன் கோவிலைச் சுற்றி நான்காவது தடவை வந்தபோது பூக்காரம்மாள், "என்ன, வேண்டுதலா?" என்று கேட்டார்.

இரும்புக்கடையில் தாத்தா இல்லை, அப்பாவும் இல்லை, பேரன் இருந்தான். சாவியை வாங்கிப் பார்த்தான். "நீங்கள் யார் வீடு?" என்றான். இருபத்தி நான்கு வயது, காதில் ஒரு கருவி, முழங்கையில் பச்சை. கேட்ட தோரணை மட்டும் அப்படியே அவன் தாத்தா. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எங்கள் ஊரில் ஒரு முழம் கயிறு வாங்கமுடியாது. எங்கள் விலாசத்தில், அதாவது வீட்டுப் பெரியவர்களின் பெயர்களிலிருந்து எடுத்துக் கோத்த தலைப்பெழுத்து வரிசையில், ஐந்து எழுத்து. சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் இரண்டு கிலோ ஆணி வாங்கிப் போய்விட்டார். 1919-ல் பாரதியார் எங்கள் ஊர் இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தபோது, அவர் தலைப்பாகையும் கோலுமாக வந்து இறங்கிய நிமிடத்திலேயே யாராவது ஒரு பெரியவர் திண்ணையிலிருந்து "நீங்கள் யார் வீடு?" என்று கேட்டிருப்பார், சந்தேகமே வேண்டாம்.

பேரன் என் விலாசத்தைக் கேட்டு முடித்து, "இதெல்லாம் திண்டுக்கல்லில்தான் செய்வார்கள் அண்ணே. நீங்கள் பேசாமல் இந்தப் பூட்டைக் கழற்றிவிட்டு இதைப் போடுங்கள்" என்று ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தான். 'செட்டிநாடு மாடல்' கைப்பிடி. பித்தளை நிறம். நகத்தால் சுரண்டினேன், நிறம் என் நகத்தோடு வந்துவிட்டது. திண்டுக்கல் பூட்டும் எங்கள் கண்டாங்கிப் புடவையும் 2019-ல் ஒன்றாகத்தான் புவிசார் குறியீடு வாங்கின. வீட்டில் கண்டாங்கி நாலைந்து இருக்கின்றன, நன்றாகத்தான் உழைக்கின்றன. பூட்டுதான் காலை வாரிவிட்டது.

அடுத்தது மாற்றுச் சாவி போடுகிறவர். மெஷினைக் காட்டி, "பைக் சாவி என்றால் இரண்டு நிமிடம். இது உள்ளேயே போகாது. யார் வீடு?" என்றார். சாவி செய்யமுடியாது என்று தீர்மானித்த பிறகும் யார் வீடு என்று கேட்டதுதான் எனக்குப் பிடித்தது. கொல்லுப்பட்டறைக்குப் போங்கள் என்றார். போனேன். பட்டறை இருந்த இடத்தில் உடற்பயிற்சிக்கூடம். இரும்பை அடித்த இடத்தில் இப்போது இரும்பைத் தூக்குகிறார்கள். வாசலில் நின்ற பயில்வான் சாவியை வாங்கி ஒருமுறை மேலே தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசியில் முனீஸ்வரன் கோவில் வீதி. பழைய சாமான் கடைகளுக்கு நான் போவதில்லை. போனால் நம் வீட்டில் எது எது காணாமல் போயிற்று என்பது தெரிந்துவிடும். வாசலில் எனாமல் தூக்குச்சட்டிகள், மரக்கால்கள், ஐந்தறைப்பெட்டிகள், பர்மா அரக்குப் பெட்டிகள், யார் வீட்டுத் தாத்தாவோ கோட்டுப் போட்டு முறைக்கும் படம். பித்தளை அண்டா ஒன்றின் விளிம்பில் வெட்டியிருந்த எழுத்துகளைப் படிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டேன். பின்கட்டில் தேக்குத் தூண்கள் படுத்திருந்தன, லாரிக்காக. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் வைத்திருப்பவர்களைப் போலத்தான். இடம் உறுதியாவதற்குள் பாதிப்பேர் வேறு வண்டி பிடித்துப் போய்விடுகிறார்கள்.

முதல் கடைக்காரர் சாவியைப் பார்த்ததும் ஐந்நூறு என்றார். விற்க வரவில்லை, பல் வைக்கவேண்டும் என்றேன். எழுநூறு என்றார். "ஐயா, இது போடுகிற சாவி." "பூட்டும் இருக்கிறதா? அப்படியென்றால் மூவாயிரம்." பூட்டு கதவில் இருக்கிறது என்றேன். அவர் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "கதவு நிலையோடு இருக்கிறதா? டீ சாப்பிடுங்கள்" என்றார். டீ வருவதற்குள் வீட்டையே விலை பேசி முடித்திருப்பார். அதற்குள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து, நான் சாவியோடு நிற்பதைப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு வரவேற்பறையில், கறிவேப்பிலைக் கவலையோடு நான் மாட்டப்பட்டிருப்பேன்.

தெருக்கோடிக் கடையில் இருந்தவருக்கு எழுபதுக்கு மேல். விலை சொல்லவில்லை. சாவியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார், பல் முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "யார் வீடு தம்பி?"

சொன்னேன்.

"அப்படியா? உங்களுக்கு இரண்டு வீடு தள்ளி, நிலையில் கிளி வைத்த வீடு ஒன்று இருந்ததே?"

இருந்தது. இப்போது அங்கே தகரவேலி.

"போன ஆடிக்கு அப்புறம் நாங்கள்தான் பிரித்தோம்." அவர்கள் இடித்தோம் என்று சொல்லமாட்டார்கள், பிரித்தோம் என்பார்கள், பொட்டலத்தைப் பிரிப்பதுபோல. உள்ளே போய் ஒரு எனாமல் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் சாவிகள். நூறு இருக்கும், இருநூறும் இருக்கலாம். துருவும் எண்ணெயும் கலந்த வாசனை. சிலவற்றில் இன்னும் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது, ஒன்றில் குங்குமம் காய்ந்திருந்தது. விரல்களால் துழாவி ஐந்தை எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "இரண்டு வீட்டு வேலையும் ஒரே கை தம்பி. போட்டுப் பாருங்கள். பொருந்தினால் எண்ணூறு. பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்." முன்பணம் கேட்கவில்லை. விலாசத்தைச் சொன்னேன் அல்லவா.

மூன்றாவது சாவி. தேங்காய் எண்ணெய் தடவி உள்ளே விட்டதும் ஒரு இடத்தில் தயங்கியது. பிறகு டக், இன்னொரு டக். கதவு திறந்துகொண்டது. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தால் அல்ல. இத்தனை வருடங்களாக எங்கள் வீட்டுப் பூட்டை ஊரில் வேறு எவனாலும் திறக்கமுடியாது என்று ஐயா (அப்பாவைப் பெற்றவர்) சொல்ல, அப்பா சொல்ல, போன தீபாவளிக்கு நானும் என் மருமகனிடம் அரைமணி நேரம் சொல்லியிருந்தேன்.

அப்பத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியாதா உனக்கு? அந்த வீட்டுச் சாவி நம் கதவுக்குப் போகும். நம் சாவி அந்தக் கதவுக்குப் போகும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவர்கள் பினாங்குக்குக் கப்பலேறும்போது சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் மாற்றி எடுத்துவிட்டேன், திறந்துவிட்டது." அப்பத்தா சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. "அந்த வீட்டு ஆச்சி வந்ததும் சொன்னேன். உன் ஐயாவுக்குத் தெரிந்தால் பூட்டை மாற்றிவிடுவார் என்று இரண்டுபேரும் வாயைத் திறக்கவில்லை."

ஐயா முகப்பில் குறட்டைவிடும் மதிய நேரங்களில் அந்த ஆச்சி எங்கள் வீட்டுக்கும், அப்பத்தா அந்த வீட்டுக்கும் தாராளமாகப் போய் வந்திருக்கிறார்கள். சீப்புச்சீடைக் கட்டை, கந்தரப்பத்துக்குக் குறைந்த பச்சரிசி, ஒரு தடவை கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு சங்கிலி. ஐயாவின் உயில், சொத்துப் பத்திரம் எல்லாம் இந்தப் பூட்டுக்குள் பத்திரமாக இருந்ததாகத்தான் நாங்கள் இதுவரை நம்பியிருந்தோம்.

"கிளி என்ன ஆனது?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "இடப்பக்கக் கிளிக்கு மூக்கு உடைந்திருக்கும். கேட்டுப் பார்." கடைக்காரரிடம் எண்ணூறைக் கொடுக்கப் போனபோது கேட்டேன். நிலை முதலிலேயே போய்விட்டதாம், எந்த ஊருக்கு என்று அவருக்கு நினைவில்லை. முறிந்த சாவியை ஐந்நூறுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை முப்பத்தி நான்கு இலை விழுந்தது. எல்லோரும் முன்வாசல் வழியாகத்தான் வந்தார்கள். யாரோ கதவில் சாவியோடு படம் எடுத்துக் குழுவில் போட, சிங்கப்பூர் அண்ணன் உடனே வந்தார். "பார்த்தீர்களா நம் வீட்டுச் சாவியை! இந்தக் கம்பீரம் இப்போது எங்கே கிடைக்கும்?" நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

இரவு எல்லோரும் போனபிறகு அப்பத்தா சாவியைக் கேட்டு வாங்கினார். முந்தானையால் எண்ணெயைத் துடைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "அவர்கள் வீட்டுப் பொருள். யாராவது கேட்டு வந்தால் கொடுக்கவேண்டும்" என்றார்.

சரி என்றேன். எண்ணூறு ரூபாயைப் பற்றி நான் சொல்லவில்லை. கறிவேப்பிலையைப் பற்றி மட்டும் இன்றுவரை வீட்டில் பேச்சு ஓயவில்லை.