வெறும் வயிற்றோடு மூன்று தடவை

நீரிழிவு ஆய்வு ஒன்றுக்கு இரத்தம் கொடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். காசு கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த இரத்தத்தை எடுக்கவைக்க நான் மூன்று காலை பட்டினி கிடந்து, இரண்டு அரைநாள் லீவு போட்டு, ஒரு தடவை வாந்தியும் எடுக்க வேண்டியிருந்தது. திருகோணமலையில் இப்படி ஓர் ஆய்வுக்கு யாராவது உங்களைக் கூப்பிட்டால் போவதற்கு முன் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

மகன் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சீனி கூடியிருந்தது. பிறந்ததும் இறங்கிவிட்டது. ஆறு கிழமை கழித்து மறுபடி சோதிக்க வரச் சொன்னார்கள், நான் போகவில்லை. கைப்பிள்ளையோடு இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருக்க யாரால் முடியும்? இப்போது மகனுக்கு ஐந்தரை வயது. எங்கள் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து, என்னைப் போன்ற தாய்மாரை ஓர் ஆய்வுக்குத் தேடுகிறார்கள் என்று ஒரு துண்டுக் கடதாசி தந்துவிட்டுப் போனார்.

எனக்கு விருப்பமில்லை. போனில் பேசிய ஆய்வு டொக்டர் சொன்ன இரண்டு விஷயம்தான் மனத்தை மாற்றியது. கர்ப்பகாலத்தில் சீனி வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றத் தாய்மாரைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று 2009 இல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வந்திருக்கிறதாம். அது ஒன்று. மற்றது, 2005-2006 காலத்தில் இலங்கையில் எடுத்த பெரிய நீரிழிவுக் கணக்கெடுப்பு. வளர்ந்தவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒருவருக்கு நீரிழிவு என்று எல்லாரும் சொல்லிவந்த கணக்கு அதிலிருந்து வந்ததுதான். அதில் ஏழு மாகாணம்தான் சேர்ந்தது. யுத்தம் நடந்ததால் வடக்கும் கிழக்கும் இல்லை. "உங்கட ஊர் அதில இல்லை டீச்சர்" என்றார். கணிதம் படிப்பிக்கிற ஆளிடம் இதைச் சொன்னால் வராமல் இருப்பேனா?

முதல் நாள். இரவு எட்டுக்குச் சாப்பிட்டு, விடிய தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல், உப்புவெளியில் பஸ் ஏறி ஏழரைக்கு ஆய்வு நடக்கிற இடத்தில் நின்றேன். பெயர் பதிய இருந்தவர் ஒன்பதே காலுக்கு வந்தார். அடையாள அட்டை, சரி. கிளினிக் கொப்பி, சரி. "கர்ப்பகாலத்தில சீனி இருந்ததுக்கு அத்தாட்சி?"

"எனக்குத்தானே இருந்தது, நான் சொல்றேன்."

"எழுத்தில வேணும்."

போனில் அதை யாரும் சொல்லவில்லை என்றேன். தான் போன் எடுக்கவில்லை என்றார். அதுவும் நியாயம்தான். ஆனால் பத்து மணி வரை வெறும் வயிற்றோடு இருத்திவைத்துவிட்டுச் சொல்கிற நியாயம் அல்ல.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு பணிஸ் வாங்கினேன். தலை சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வாய் கடித்திருப்பேன், முழங்கையில் ஈரமாக ஏதோ முட்டியது. மான். எங்கள் ஊர் மான்களுக்கு வெட்கம் இல்லை என்பது தெரிந்ததுதான், ஆனால் அன்றைக்கு அது என் கண்ணைப் பார்த்துக்கொண்டே மிச்சப் பணிசைக் கடதாசியோடு இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்த பெடியன் சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த கிழமை முழுக்க அந்த அத்தாட்சிக்கு அலைந்தேன். பிள்ளை பெற்ற இடத்தில், பழைய பதிவேடு எடுக்கக் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதத்தோடு போனால், அந்த வருடத்து டயக்னோசிஸ் காட், அதாவது என்ன நோய் என்று எழுதித் தருகிற அட்டை, அதன் பிரதி இருக்கும் அறையின் சாவி வைத்திருப்பவர் லீவு. கடைசியில் அத்தாட்சி எங்கே இருந்தது தெரியுமா? என் வீட்டில். மகனின் வளர்ச்சிப் பதிவேட்டுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறைக்குள், தடுப்பூசிப் பக்கத்துக்குப் பின்னால், என் கர்ப்பிணிக் காட் நான்காக மடிந்து கிடந்தது. சீனி அளவுகள் சிவப்புப் பேனாவில். தாய்மாரே, பிள்ளையின் கொப்பி உறையை முதலில் தட்டிப் பாருங்கள். கிடைத்ததும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இரண்டாம் நாள் சம்மதப் படிவம் தந்தார்கள். தமிழில்தான், பதினொரு பக்கம். இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "நீங்கள் எழுமாறாக இரு குழுக்களில் ஒன்றுக்கு ஒதுக்கப்படுவீர்கள்." எழுமாறு என்றால் எனக்கு நிகழ்தகவுப் பாடம். பைக்குள் கையை விட்டுச் சிவப்புப் பந்து எடுக்கிற கதை. பக்கத்தில் இருந்த கிண்ணியா ராத்தாவுக்கு அந்த வரியில் விளங்கிய ஒரே சொல் கடைசிச் சொல்தான்.

"என்னத்துக்கு தங்கச்சி எங்கள ஒதுக்கப் போறாங்க?"

பாலத்தைக் கடந்து அஞ்சரைப் பஸ்ஸில் வந்த மனுசி. எழும்பிப் போகவே பார்த்தார். ஒதுக்குவது இல்லை ராத்தா, குலுக்கல் போட்டு இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள், ஒரு கூட்டத்துக்கு மாதாமாதம் போனில் சாப்பாடு, நடை பற்றி ஆலோசனை, மற்றதுக்கு வழமையான கிளினிக் ஆலோசனை மட்டும், இரண்டுக்கும் மருந்து இல்லை என்று நானே விளக்கினேன். பிறகு ஆய்வு உதவியாளரான தங்கச்சியைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினேன். முதலில் "அது அங்கீகரிச்ச படிவம் டீச்சர், மாத்த ஏலாது" என்றாள். திருத்தம் கேட்டு, ஆய்வுக்கு அனுமதி கொடுக்கிற அறநெறிக் குழுவுக்கு எழுதலாமே என்றேன். மூன்றாம் தடவை போனபோது புதுப் படிவத்தில் "குலுக்கல் முறையில் பிரிக்கப்படுவீர்கள்" என்றிருந்தது. இந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான், அதனால் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன்.

படிவத்தில் இன்னும் இரண்டு இடத்தைப் பாருங்கள். எந்த நேரமும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினாலும் உங்கள் வழக்கமான வைத்தியம் பாதிக்கப்படாது என்ற வரி. அப்புறம், அறநெறிக் குழுவின் தொலைபேசி எண். இலங்கையில் மருத்துவப் பரீட்சார்த்தங்களைப் பதிய 2006 முதல் ஒரு பதிவகம் இருக்கிறது, இலங்கை மருத்துவச் சங்கம் நடத்துவது. பதிவு எண் என்னவென்று கேட்டால் யாரும் கோபிக்கக் கூடாது. என்னிடம் கோபிக்கவில்லை.

தம்பலகாமத்துப் பிள்ளை ஒருத்தியைத் திருப்பி அனுப்பியதுதான் மனத்துக்குக் கஷ்டம். மாதவிடாய் ஒழுங்கில்லாததற்கு, பிசிஓஎஸ் என்கிற சூலகக் கோளாறு என்று, மெட்போர்மின் குடிக்கிறாளாம். அது சீனியையும் குறைக்கிற மருந்து, ஆகவே இந்த ஆய்வில் எடுக்க முடியாது. விதி சரிதான். அதை முதல் போனிலேயே கேட்டிருக்கலாம். என்னென்ன குளிசை குடிக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள், பஸ் ஏற முன்பே.

நிறை, உயரம், இடுப்பு எடுத்தார்கள். 156 சென்ரிமீற்றர், 58 கிலோ. என்னை யாரும் குண்டு என்று சொன்னதில்லை. ஆனால் உயரத்துக்கு நிறை சரியா என்று பார்க்கிற பி.எம்.ஐ. 23.8, எங்களைப் போன்ற ஆசியருக்கு 23 தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். இடுப்பு 84 சென்ரிமீற்றர். பெண்களுக்கு 80க்குள் நிற்க வேண்டும். ஒல்லியாகத் தெரிகிற தெற்காசியருக்கும் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு கூட, அதனால் மெலிந்த உடம்பிலும் இளவயதிலும் சீனி வந்துவிடுகிறது என்று விளங்கப்படுத்தினார்கள். "மெல்லிசான ஆளுக்குச் சீனி வராது" என்கிற என் மாமியாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

அப்புறம் குளுக்கோஸ். 75 கிராம், ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரில், ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். தண்ணீர் இளஞ்சூடு. எட்டுப் பத்துக்குக் குடித்தேன், எட்டு முப்பத்தைந்துக்கு எல்லாம் வெளியே. குளுக்கோஸ் தந்த மிஸ் நல்லவர், முதுகைத் தடவிவிட்டார். ஆனால் வாந்தி எடுத்தால் அன்றைய சோதனை செல்லாது. இன்னொரு நாள், மறுபடி முதலில் இருந்து.

வந்ததுக்குச் சாப்பாட்டுக் கேள்விகளையாவது முடிப்போம் என்று அந்தத் தங்கச்சி கொப்பியைத் திறந்தாள். தெற்காசியருக்கென்று தயாரித்த பட்டியலாம். கிழமைக்கு எத்தனை சப்பாத்தி? பரோட்டா? பனீர்? நான் பனீரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பிட்டு எங்கே என்றேன். இல்லை. இடியப்பம்? இல்லை. சொதி? சொதி என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத மாதிரி. நாளுக்கு ஒரு நேரமாவது நாங்கள் சாப்பிடுகிற சாமானை விட்டுவிட்டு எங்கள் சீனியை எப்படி அளப்பது? "வேற தானியம்" என்ற வரியின் ஓரத்தில் எழுதச் சொன்னேன். எத்தனை கோப்பை என்றாள். குழல் பிட்டா, ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டா என்றேன். அவளுக்கே சிரிப்பு. நீத்துப்பெட்டி ஒன்று என் கையால் இரண்டு கோப்பை வரும், தேங்காய்ப்பூ தனி என்று கணக்குப் போட்டோம். ஓரமெல்லாம் நிரம்பிவிட்டது.

மூன்றாம் நாள் சரியாக நடந்தது. குளிர்ந்த தண்ணீரில் கலக்கித் தரச் சொன்னேன், தந்தார்கள். தேசிக்காய் விட மட்டும் சம்மதிக்கவில்லை. குடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் நடக்காமல், சாப்பிடாமல் இருக்க வேண்டும். சோதனைக்கு முந்திய மூன்று நாளும் வழமைபோலச் சோறு சாப்பிடுங்கள். நல்ல ரிப்போர்ட் வரட்டும் என்று சோற்றைக் குறைத்துவிட்டுப் போனால் விடை பிழைக்கும்.

முடிவு: சீனி வெறும் வயிற்றில் 104, இரண்டு மணித்தியாலத்தில் 168 (மி.கி./டெ.லீ.). இரண்டு மணித்தியால அளவு 140 தொடக்கம் 199 வரை நடுவில் நிற்கிற இடம், 200 தொட்டாலே நீரிழிவு. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டுகிற எச்பிஏ1சி 6.1 வீதம். ஆனால் எனக்கு இரத்தம் குறைவு, இரும்புச்சத்துப் போதாது, அப்படியிருந்தால் அந்த எண் உண்மையைவிடக் கூடக் காட்டலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம் என்றார் டொக்டர். இரும்புக் குளிசையோடு வீட்டுக்கு வந்தேன்.

பஸ் காசு திருப்பித் தருவார்கள், டிக்கெட் காட்டினால். எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்ஸில் யார் டிக்கெட் தருகிறார்கள்? கேட்டால் கொண்டக்டர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்த்தால் பார்க்கட்டும், கேட்டு வாங்குங்கள். நான் மூன்றில் ஒன்றுக்குத்தான் வாங்கினேன்.

குலுக்கலில் எனக்கு விழுந்தது வழமையான ஆலோசனைக் கூட்டம். போன் கூட்டத்தில் கிண்ணியா ராத்தா. அங்கே சொல்வதை மற்றக் கூட்டத்துக்குச் சொன்னால் ஆய்வு கெட்டுவிடும், பேசிக்கொள்ள வேண்டாம் என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறார்கள். ராத்தா வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எடுப்பார். பிள்ளைகள், மழை, மீன் விலை எல்லாம் பேசுவோம். போன கிழமை திடீரென்று, "தங்கச்சி, நீங்க இப்ப எத்தனை நீத்துப்பெட்டி?" என்றார். நான் மகன் கூப்பிடுகிறான் என்று போனை வைத்துவிட்டேன்.