ஓக் கப்போர்டுக்கு வெள்ளை வாஷ், திட்டுத் திட்டா நிக்காம

எங்க பக்கம் மரம்னா தேக்கு, பூவரசு, வேம்பு, அவ்ளோதான். ஓக் எல்லாம் கப்பல்ல வர்ற சரக்கு. ஆனா கும்பகோணத்துல வீடு கட்டும்போது கிச்சன் கப்போர்டு கதவு, அதான் ஷட்டர், பூரா அமெரிக்கன் வெள்ளை ஓக்லதான் வேணும்னு அக்கா ஒத்தக்கால்ல நின்னா, சரின்னு போட்டாச்சு, கொஞ்ச வருஷத்துலயே மேல அடிச்ச வார்னிஷ் மஞ்சளாயி கிச்சனே இருட்டா இருக்குன்னு இப்ப அதே ஷட்டருக்கு வெள்ளை வாஷ் குடுடான்னா. பெயிண்ட் அடிச்ச மாதிரி மூடிடக் கூடாது, மர ரேகை தெரியணும், மேல லேசா ஒரு வெள்ளை எல்லா இடத்துலயும் ஒரே சீரா படர்ந்திருக்கணும். கேக்க ஈசியாத்தான் இருக்கு.

யாரைக் கேட்டாலும் எந்த பிரஷ், எந்த பிராண்டுன்னே பேசுறாங்க. என்னைக் கேட்டா சீரா வர்றதும் திட்டா நிக்கிறதும் வெள்ளை டப்பாவ திறக்கறதுக்கு முன்னாடியே முடிவாயிடுது. ஓக்ல வருஷ வளையத்துக்கு வளையம் பெரிய பெரிய துளை வரிசையா இருக்கும், நகத்தால தடவினாலே தட்டுப்படும். வெள்ளை அந்தத் துளையில போய் உக்காரும், கூடவே எங்கெல்லாம் சொரசொரப்பு இருக்கோ அங்கயும் உக்காரும். அதனால ஒரு ஷட்டர 120 நம்பர் உப்புத்தாள்லயும் இன்னொண்ண 220லயும் (நம்பர் ஏற ஏற தாள் நைசாகும்) தேய்ச்சா ரெண்டும் ரெண்டு நிறமாத்தான் வரும், பெயிண்ட்டக் குறை சொல்லிப் புண்ணியமில்ல.

பழைய வார்னிஷ் ஒரு பொட்டு கூட இருக்கக்கூடாது. அடுப்புக்குப் பக்கத்து ஷட்டர்ல தாளிச்ச எண்ணெய் பிசுக்கு இருக்கும், அத முதல்ல தின்னர் போட்டுத் துடைச்சுட்டுத்தான் தேய்க்கவே ஆரம்பிக்கணும், இல்லன்னா உப்புத்தாள் அந்தப் பிசுக்க மரத்துக்குள்ள இழுத்துட்டுப் போயிடும். அப்புறம் 120, 150, 180, எல்லா ஷட்டருக்கும் அதே வரிசை, ரேகை போற வாக்குலயே. மெஷின்ல தேய்ச்சா கடைசி ரவுண்டு கண்டிப்பா கையால தேய்ங்க, மெஷின் விடுற சுருள் சுருளான கீறல் இப்ப கண்ணுக்குத் தெரியாது, வெள்ளை பட்ட உடனே புழு நெளிஞ்ச மாதிரி எழும்பி நிக்கும். ஷட்டரோட மேல் முனை கீழ் முனையில மரம் குறுக்கே வெட்டுப்பட்டு இருக்கும்ல, அது ஸ்பாஞ்சு கணக்கா குடிக்கும், அங்க மட்டும் 240 வரைக்கும் போய் வழவழன்னு ஆக்கிடணும்.

அடுத்து தண்ணி. ஈரத்துணியால ஒருவாட்டி முழுசா துடைச்சு காய விட்டா மர நார் சிலுப்பிக்கிட்டு நிக்கும், அத 220ல மேலாப்புல தட்டி விட்டுடணும். இங்கதான் நம்ம ஊர் சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. டெல்டால நிறைய போர் தண்ணியில இரும்பு ஜாஸ்தி, பக்கெட்டுல பிடிச்சு வச்சா செம்மண் கலர்ல படியும். ஓக்ல துவர்ப்புச் சத்து, அதான் டேனின், நிறைய. இரும்பும் அதுவும் சேந்தா நீலக்கருப்பா கறை விழும். சிக்கல்நாயக்கன்பேட்டைல கலம்காரித் துணிக்கு கடுக்காயும் இரும்பும் வச்சுத்தான் கருப்பு எடுப்பாங்க, அதே வேலைதான் இது. கேன் தண்ணி வாங்கிக்குங்க, ஸ்டீல் வுல், அதான் தேய்க்கிற இரும்பு நார், அது பக்கமே போகாதீங்க, துளையத் திறந்து விடணும்னா பித்தளைக் கம்பி பிரஷ்.

"எதுக்குடா இவ்ளோ கூத்து, கிளிஞ்சல் சுண்ணாம்பக் குழைச்சு அடிச்சிட வேண்டியதுதான"ன்னு அம்மா கேட்டாங்க. பாக்கு சுண்ணாம்போட சேந்தா வாய் சிவக்குதுல்ல, ஓக்ல இருக்கற துவர்ப்பும் சுண்ணாம்பு காரத்துக்கு நிறம் மாறிடும், வெள்ளையாக்கப் போயி மரம் பழுப்பாயிடும். வாஷிங் சோடா போட்டுக் கழுவவும் கூடாது, அதே காரணம்தான்.

கலவை பெரிய விஷயமில்ல. வெள்ளை எமல்ஷன் ஒரு பங்கு, தண்ணி ரெண்டு பங்கு. மொத்த கிச்சனுக்கும் ஒரே வாளியில ஒரே தடவையா கலந்துக்கணும், பாதியில தீந்து மறுபடி கலந்தா நிறம் மாறும். வெள்ளைப் பொடி அடியில படியும், அப்பப்ப கிண்டிக்கிட்டே இருக்கணும், இதுக்குன்னு சின்னப் பையன் ஒருத்தன உக்கார வச்சாலும் தப்பில்ல.

அடிக்கிறத பாலிஷ் அண்ணன்கிட்ட விட்டுட்டேன், சுவாமிமலைக்காரர், தேக்குல பாலிஷ் போட்டே வளந்த கை. கீல், கைப்பிடி எல்லாம் கழட்டி ஷட்டர படுக்க வச்சாரு. நடுப் பலகை முதல்ல, அப்புறம் குறுக்குச் சட்டம், கடைசியா நெட்டுச் சட்டம். பிரஷ்ல தாராளமா அடிச்சாரு, ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனை வரைக்கும் எங்கயும் நிக்காம, ஓரம் காயறதுக்குள்ள அடுத்த வரி அதுமேல ஏறணும், காஞ்ச ஓரத்துமேல ஏறினா கோடு விழுந்துரும். உடனே பனியன் வேஸ்ட் துணிய மடிச்சு ரேகை வாக்குல ஒரே இழுப்பு. துணி நனைஞ்சதும் தூக்கிப் போட்டுட்டு வேற துணி. "அடிக்கிறது வேலையில்ல தம்பி, துடைக்கிறதுதான் வேல, எல்லாத்துலயும் ஒரே அழுத்தம் குடுக்கணும்"னாரு. பலகை சட்டத்துல சொருகுற காடி இடுக்குல வெள்ளை தேங்கி நிக்கும், அத காஞ்ச பிரஷ் நுனியால குத்திக் குத்தி எடுத்தாரு, அத விட்டிருந்தா ஒவ்வொரு ஷட்டருக்கும் வெள்ளை பார்டர் கட்டினாப்புல ஆயிருக்கும். இன்னும் வெள்ளை வேணும்னா இன்னொரு கோட்டு குடுக்கலாமே தவிர கலவைய கெட்டியாக்கக் கூடாது.

சீசன் பாத்து பண்ணுங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழையில எதுவும் காயாது, லேக்கர் அடிச்சா ஈரத்துல பூத்துப் போயி புகைமூட்டமா நிக்கும். சித்திரை வெயில்ல துடைக்கறதுக்குள்ள காஞ்சுடும். தை, மாசி சரியா இருக்கும், பனி விலகினப்புறம் காலையில ஆரம்பிக்கலாம். ஒரே தொல்லை, அப்பதான் சம்பா அறுப்பு, வயலோரம் வீடுன்னா அறுப்பு மெஷின் கிளப்புற தூசியும் பதரும் ஈரக் கோட்டுல வந்து ஒட்டும், அந்தப் பக்கத்து ஜன்னல சாத்தி வச்சுட்டுத்தான் வேலைய ஓட்டணும்.

மேல் கோட்டு தண்ணியில கரையற மேட் பி.யு.தான், அதாவது பளபளப்பில்லாத பாலியூரித்தேன் பூச்சு. எண்ணெய் வார்னிஷ் வேண்டாம், அது மறுபடி மஞ்சளாகும், எதுக்கு இவ்ளோ பாடுபட்டோமோ அதுவே போயிடும். இது எல்லாத்தையும் மொதல்ல ஒரு ஷட்டரோட பின்பக்கத்துல போட்டுப் பாத்துடுங்க, மேல் கோட்டோட சேத்து, ஏன்னா வெள்ளை ஈரத்துல ஒரு மாதிரி காஞ்சா ஒரு மாதிரி இருக்கும், பி.யு. ஏறினா திரும்பவும் கொஞ்சம் மாறும். திருப்பி மாட்டும்போது சாதா இரும்பு ஸ்க்ரூ போடாம ஸ்டெய்ன்லெஸ் போடுங்க, கிச்சன் ஈரத்துக்கு இரும்புத் துரு இறங்கி ஸ்க்ரூவச் சுத்தி கருப்பு வளையம் வரும்.

இப்ப பூஜை ரூம் கதவுக்கும் இதே மாதிரி போடுடான்னு அக்கா நிக்கிறா. அது தாத்தா காலத்துத் தேக்கு, எண்ணெய் ஊறின மரம், தண்ணி வெள்ளை அதுல சரியா பிடிக்காது. அதவிட முக்கியம், அதுல யாராவது உப்புத்தாள் வச்சா அம்மா வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க.