கடைமடையிலிருந்து ஒரு இணைய வகுப்பு

செப்டம்பர் 30, 2024, திங்கள்

முதல் சந்திப்பு முடிந்தது. திருவாரூர்ப் பக்கம் எங்கள் கல்லூரியில் பன்னிரண்டு பேர், நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு பேர். ஆறு வாரம் சேர்ந்து உழைத்து, இரண்டு டெல்டாவிலும் தண்ணீர் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று ஒரே அறிக்கையாக எழுத வேண்டும். இணையம் வழியாக இரண்டு நாட்டு வகுப்புகள் சேர்ந்து படிக்கும் இந்த முறைக்குக் காயில் (COIL) என்று பெயர். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006-இல் இதற்கென ஒரு மையமே தொடங்கியது. பாஸ்போர்ட் இல்லாத பிள்ளையும் வெளிநாட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து வேலை செய்யலாம். அதற்காகத்தான் அலைந்து அனுமதி வாங்கினேன்.

அங்கே மாணவர்கள் ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார்கள்.

அக்டோபர் 7

அந்தப் பக்கத்துப் பையன் கேட்டான்: "தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப் உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது?" அவர்கள் ஊரில் நிறைய நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே. இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வயல் வயலாக இருக்கும்.

எங்கள் வகுப்புக் கோட்டூர்ப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. "வெளியே இறைப்பதா? எங்களுக்கு உள்ளேயே வந்து சேரவில்லையே!" ரெக்கார்டு நோட்டில் பேனாவால் கோடு போட்டாள்: மேட்டூர், கல்லணை, வெண்ணாறு, ஒரு வாய்க்கால், கிளை வாய்க்கால், கடைசியில் சின்னக் கட்டமாக அவள் அப்பா வயல். ஜூன் 12 திறக்க வேண்டிய மேட்டூர் இந்த வருடம் ஜூலை 28-இல்தான் திறந்தது என்றாள். தண்ணீர் முதலில் பாயும் தலைமடை, கடைசியில் வந்து சேரும் கடைமடை, இரண்டு சொல்லையும் அவர்கள் உச்சரித்துப் பார்த்தார்கள். அவ்வளவு நாள் வாய் திறக்காத பெண் இருபது நிமிடம் பேசினாள்.

அக்டோபர் 21

இன்று மனக்கசப்பு. நம் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைக்குள் தருவதாகச் "சரி, சரி" என்றிருக்கிறார்கள். தரவில்லை. அங்கிருந்து ஒரு பெண் எழுதினாள்: "சரி என்றீர்கள், வரவில்லை. எனக்குக் கஷ்டமாக இருக்கிறது."

"மூஞ்சிக்கு நேரே இப்படிக் கேட்கலாமா மேடம்?" என்று பிள்ளைகளுக்கு வருத்தம். அந்த வாரம் இன்டர்னல் தேர்வு. அதை யாருமே சொல்லவில்லை. மறுத்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டார்கள். நம் வீட்டில் "சரி" என்றால் பல நேரம் காதில் விழுந்தது என்றுதான் அர்த்தம். "பார்க்கலாம்" என்றால் பாதி நேரம் இல்லை. அவர்கள் ஊரில் நேரே சொல்வதுதான் மரியாதை. இதை இரண்டு பக்கமும் உட்கார வைத்துப் பேசினோம். பாடத்திட்டத்தில் இல்லாத இந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு மற்ற எல்லா வகுப்பையும்விட முக்கியமாகப் பட்டது.

அக்டோபர் 28

ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்தோம். அங்கே யாரும் இல்லை. ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அவர்களின் ஒன்றரை மணி போன வாரம் வரை நமக்கு ஐந்து, இனி ஆறு. முன்கூட்டியே சொல்லாதது என் தவறு.

அப்புறம் கோட்டூர்ப் பெண் தானாகவே எழுதினாள்: "ஆறு மணி என்றால் என்னால் வர முடியாது. எனக்குப் பஸ் போய்விடும். ஐந்துக்கே வைக்க முடியுமா?" கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: முடியும், சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறோம்.

நவம்பர் 4

கடைமடைக்கு ஆங்கிலச் சொல் தேட வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அறிக்கையில், கரை கட்டி நீரை இறைத்து மீட்ட நிலத்துக்கு அவர்கள் சொல்லும் போல்டர் என்ற சொல்லின் பக்கத்தில் கடைமடை.

வேலை முடிந்தும் பேச்சு நிற்கவில்லை. வேதாரண்யத்துப் பையன் 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்ததைச் சொன்னான். காலையில் வெளியே வந்தால் அவர்கள் தோப்பில் ஒரு தென்னைகூட நிற்கவில்லையாம். அங்கிருந்து ஒருவன் 1953 பிப்ரவரி 1 கடல் வெள்ளத்தைப் பற்றிப் பாட்டி சொன்னதைச் சொன்னான். நெதர்லாந்தில் மட்டும் 1,800 பேருக்கு மேல் இறந்த இரவு. தென்னை திரும்பக் காய்க்க எத்தனை வருடம் என்று கேட்டான்.

ஆறு மணி தாண்டியும் யாரும் எழவில்லை. கோட்டூர்ப் பெண் மட்டும் பையை மாட்டிக்கொண்டாள். "எனக்கு நேரமாகிவிட்டது, மீதியை நாளைக்கு எழுதுகிறேன்" என்று தட்டச்சு செய்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடினாள்.